கொடுத்த கையே விசாரிக்கலாமா?

(தாயில்பட்டியில் பேசிய பேச்சு)



சட்டம் செய்வது சட்டசபை, நடத்துவது சர்க்கார், நியாயம் சொல்வது கோர்ட்டு என்று அதிகாரம் மூன்றாகப் பிரிந்திருப்பதாகச் சொல்லப்படுகிறது. இம்மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால் ஜனங்களுக்குச் சுதந்திரமே இல்லையென்று 1748-ல் மாண்டெஸ்கியூ என்னும் பிரெஞ்சு அறிஞர் எழுதினார். வெள்ளைக்காரன் காலத்தில் ஜில்லாவை ஆளுகிற கலெக்டரே மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். அது கூடாது, நிர்வாகத்திலிருந்து நீதியைப் பிரிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 50-வது பிரிவு கூறிற்று. 1974 முதல் கிரிமினல் வழக்குகள் பெரும்பாலும் கலெக்டர் கையை விட்டுப் போயின. சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பிரிவினை நமது பட்டாசு ஆலைக்குள் வந்ததா?

வெடிபொருள் சட்டம் 1884-ல் செய்தது. அதன் கீழ் விதி எழுதும் அதிகாரம் மத்திய சர்க்காருக்கே விடப்பட்டிருக்கிறது. ஆகவே விதி எழுதுவது சர்க்கார். லைசென்ஸ் கொடுப்பதும் சர்க்கார். பெரிய ஆலைக்கு நாகபுரியிலே தலைமையிடம் கொண்ட வெடிபொருள் இலாகா, சிறிய ஆலைக்கு ஜில்லா அதிகாரி. பெரிய ஆலைக்குங்கூட ஜில்லா அதிகாரியின் ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டும். சரி, வெடித்து ஆள் செத்தால் விசாரிப்பது யார்? 9-வது பிரிவின்படி அதே ஜில்லா மாஜிஸ்திரேட்டு, அல்லது அவருக்குக் கீழ்ப்பட்டவர்! கொடுத்த கை தன்னையே “கொடுத்தது சரியா?” என்று கேட்டுக்கொள்ளுமாம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற நியாயம் தவிர இதில் வேறு என்ன கிடைக்கும்?

நிர்வாகம் இப்படி இருப்பதால் கோர்ட்டுகள் உள்ளே வருகின்றன. 12-2-2021-ல் அச்சங்குளத்தில் ஆலை வெடித்து மாண்டவர்களின் குடும்பத்துக்குத் தலைக்கு 20 லட்சம் கொடுக்கச் சொன்னது, தானாகவே வழக்கை எடுத்துக்கொண்ட பசுமைத் தீர்ப்பாயம். தானாக எடுக்கலாம் என்று அதன் சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டுதான் “உண்டு” என்றது. 23-10-2018-ல் சுப்ரீம் கோர்ட்டு, சரவெடி கூடாது, பேரியம் கூடாது, தீபாவளியன்று இரண்டு மணி நேரந்தான் வெடிக்கலாம் என்றது. இது தீர்ப்பா, சட்டமா?

புகை குழந்தைகளைக் கெடுக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன்பின் சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, திரியும் மருந்தும் தவிர வேறு பிழைப்பு அறியாதவன் யாரைப் போய்க் கேட்பான்? சட்டசபை செய்திருந்தால் ஓட்டுக்கு வருகிறவனை மறித்துக் கேட்கலாம். நீதிபதி எந்தத் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறார்? அதிகாரத்தைப் பிரித்தார்கள், பொறுப்பு யாரிடமும் இல்லாமல் போயிற்று.

ஆதலால் நாம் கேட்பது மூன்று. லைசென்ஸோடும் சோதனையோடும் சம்பந்தமில்லாத ஒருவரே சாவை விசாரிக்க வேண்டும். அந்த அறிக்கையைச் சட்டசபையில் வைத்து ஜனங்களுக்கு வெளியிட வேண்டும். உயிரையும் பிழைப்பையும் தொடுகிற முக்கிய விதிகளைச் சட்டசபைகளே, தொழிலாளிகளைக் கேட்டு, வெளிப்படையாகச் செய்ய வேண்டும்.

தோழர்களே! செத்தவன் விதி என்று இனிச் சொல்லாதீர்கள். அது தலையில் எழுதிய விதியல்ல. ஆபீசில் எழுதிய விதி. மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம். திருத்தும்படி கேட்க உங்களுக்குத்தான் முதல் பாத்தியதை என்று கூறி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.