"அப்புறம்?" என்று கேளுங்கள்
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"இன்ஜினியர்தானே, ஏதாவது டெக்னிக்கலாகப் பேசு" என்றார்கள். நான் என் வீட்டில் தோற்ற கதையைச் சொல்கிறேன்.

என் மகளுக்கு ஆறு வயது. ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற இலவசச் செயலியை டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தேன். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்காக 2014-இல் வெளிவந்தது. எம்.ஐ.டி., டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து உருவாக்கியது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிய வேண்டாம். வண்ணக் கட்டைகளை வரிசையாகக் கோர்த்தால் படம் நடக்கும், குதிக்கும். சொந்தக் குரலையும் பதிவு செய்யலாம். ஒரு கதைக்கு நாலு பக்கம்தான். அதற்குள் தொடக்கம், சிக்கல், முடிவு எல்லாம் வந்தாக வேண்டும்.

அவள் ஓர் எறும்பு வரைந்தாள். அது பஸ் ஏறி ஊருக்குப் போகிறது. ஆனால் கதவை விட்டுவிட்டு, பஸ்ஸின் பக்கத்தகடு வழியாக உள்ளே போனது. எனக்குக் கை அரித்தது. அவள் தூங்கிய பிறகு, எறும்பு கதவு வழியாக ஏறும்படி கட்டைகளை மாற்றி வைத்தேன்.

காலையில் பார்த்தாள். "எறும்பு ஓட்டை வழியாத்தான்ப்பா வரும். இது உங்க கதை" என்று டேப்லெட்டை என்னிடமே நீட்டிவிட்டாள். இரண்டு வாரம் அதைத் தொடவே இல்லை. ஐயா, நாலு வருஷம் இங்கே படித்தும் எறும்பு எப்படி வரும் என்று எனக்குத் தெரியவில்லை!

காப்பாற்றியது என் அம்மாதான். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் கத்தரிக்கோலால் ஜன்னல் வெட்டினார். சட்டைப் பொத்தான்கள் சக்கரமாயின. புளியங்கொட்டை எறும்பானது. பேத்தி சொல்லச் சொல்ல, அம்மா கேட்டது ஒரே வார்த்தை: "அப்புறம்?" கண்டக்டர் டிக்கெட் கேட்டார். எறும்பு சர்க்கரை கொடுத்தது. ஒரு வாரம் கழித்து அவளே டேப்லெட்டைக் கேட்டு வாங்கி, கண்டக்டர் குரலைத் தன் குரலில் பதிவு செய்தாள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதில் நான் கற்றது இதுதான். முதலில் கையால் செய்யட்டும். பிறகு திரையில் செய்யட்டும். தப்பு என்று நமக்குத் தோன்றினால், "ஏன் இப்படி?" என்று கேட்போம். பிள்ளையிடம் காரணம் இருக்கும். திருத்த வேண்டியிருந்தால் அந்தக் கையே திருத்தட்டும்.

நண்பர்களே, உங்கள் மேசை இழுப்பறையில் தூங்கும் பழைய டேப்லெட்டை அருகிலுள்ள தொடக்கப்பள்ளிக்குக் கொடுங்கள். தம்பி தங்கைகளே, மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே போங்கள். பசை, அட்டை, கத்தரிக்கோல் கொண்டு போங்கள். அறிவுரையை மட்டும் இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்!

அடுத்த சந்திப்பில் நீங்கள் வந்து சொல்லும் கதைகளுக்கு, "அப்புறம்?" என்று கேட்கக் காத்திருக்கிறேன்.