சபாவிலிருந்து வரும் கடிதம்

ஜொகூர் மாநிலம், குளுவாங் மாவட்டத்து ரெங்கத்திலிருந்து பேசுகிறேன். பால்மரம் சீவிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகும் நான் இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. என் மகள்தான் போனாள். ஆசிரியர் வேலை கிடைத்து, சபாவின் உட்பகுதியில் ஒரு பள்ளியில் இருக்கிறாள். எங்கள் இருவருக்கும் நடுவே தென்சீனக் கடல்.

அவள் எனக்கு வாரம் தவறாமல் கடிதம் எழுதுகிறாள். கைப்பேசியிலும் கூப்பிடுவாள், ஆனால் அங்கே மழை பிடித்தால் லைன் போய்விடும், பேச்சு பாதியில் அறுந்துவிடும். கடிதம் என்றால் கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம் முழுசாக வந்து சேரும். உறையின் மேல் 86300 என்ற அஞ்சல் எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பாள். எங்கள் ஊரையும் சிம்பாங் ரெங்கத்தையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்த ஊரின் எண் 86200.

பெரிய சேதி எதுவும் கடிதத்தில் இருக்காது. ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது, அக்கரைப் பிள்ளைகள் வரவில்லை. ரசம் வைத்தேன், புளி பத்தவில்லை. இப்படித்தான் போகும். கடைசியில், “முட்டி வலிக்குதுன்னு போன தடவை எழுதுனீங்களே அம்மா, எண்ணெய் தேய்ச்சீங்களா?” என்று ஒரு கேள்வி. அந்த இடத்தில்தான் எனக்கு மனசு நிறையும். நான் எழுதியதை அவள் வாசித்திருக்கிறாள், ஒரு வாரம் நினைவில் வைத்திருக்கிறாள். பெற்றவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நம் முன்னோருக்கு இப்படிக் கடிதம் எழுத வாய்க்கவில்லை. 1926 முதல் 1973 வரை தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய ரஜூலா கப்பலில் வந்து இறங்கியவர்களில் எத்தனையோ பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் இருந்த தாய்க்குக் கடிதம் போட வேண்டுமென்றால் தோட்டத்து எழுத்தரான கிராணியிடமோ தோட்டப் பள்ளி வாத்தியாரிடமோ போய் நிற்க வேண்டும். “நலம், நலமறிய ஆவல்” என்பதைச் சொல்லிவிடலாம். லயக் குடியிருப்பில் பட்ட அவமானத்தையும், ராத்திரியில் வந்த அழுகையையும் இன்னொருவர் முன்னால் எப்படிச் சொல்வது? அந்தச் சொற்கள் தாளில் ஏறவே இல்லை.

ஜப்பான்காரன் காலத்தில் அந்த வழியும் அடைபட்டது. 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதை போடத் தோட்டத்துத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். அங்கே மடிந்த மகனைப் பற்றி ஒரு வரி எழுதி அனுப்பவும் பல தாய்மாருக்கு ஆள் இல்லை.

என் மகள் தன் கையால் எழுதுகிறாள் என்றால், தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்ததால்தான். அங்கே அவளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

எழுதத் தெரிந்த பிள்ளையின் கடிதமும் குறைந்துபோவதுண்டு. கணிதமேதை ராமானுஜனின் தாயார் கோமளத்தம்மாளை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 1914 மார்ச்சில் மகன் சென்னையிலிருந்து கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜிலிருந்து முதலில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த கடிதங்கள் போகப்போகக் குறைந்துவிட்டன. நடுவே உலகப் போர், பிறகு நோய். 1919இல் மெலிந்துபோய்த் திரும்பிய மகன் மறு ஆண்டே காலமானார். உலகம் போற்றிய பிள்ளைதான். ஆனாலும் தபால்காரர் வெறுங்கையோடு தாண்டிப் போன நாட்களில் அந்தத் தாய் என்ன பாடுபட்டிருப்பார்! அதனால், வேலைப் பளுவிலும் எழுதும் பிள்ளையை லேசாக எண்ண என்னால் முடியவில்லை. பள்ளி முடிந்து, நோட்டுகள் திருத்தி, சமைத்துச் சாப்பிட்ட பிறகு, தூங்க வேண்டிய நேரத்தை எடுத்து அவள் எனக்குத் தருகிறாள்.

அம்மாடி, நீ இதைக் கேட்டுக்கொண்டிருப்பாய். உன் கடிதம் ஒவ்வொன்றும் பத்திரமாக இருக்கிறது. மனசார நன்றி, தாயி.

பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டு இருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அவர்கள் எழுதினால் பதில் போடுங்கள். கையெழுத்து கோணலாக இருக்கிறதே, என்ன எழுதுவது என்று கூச்சப்பட வேண்டாம். வீட்டுக் கொய்யா காய்த்ததை எழுதுங்கள், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தை எழுதுங்கள். எழுத வராவிட்டால் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல எழுத வையுங்கள். அவர்கள் தமிழும் தேறும். தபாலில் போடுவதை மட்டும் நாளைக்கென்று தள்ளிப்போடாதீர்கள்.