மண்ணுக்கு முன் ஓர் எண்



2024 ஜூலை 30 விடிவதற்குள் வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் நிலச்சரிவு அடித்துக்கொண்டு போனது. மாண்டவர்களில் பலர் அங்கே கிடைக்கவில்லை. சாலியாற்று வெள்ளத்தில் உருண்டு, அடுத்த மாவட்டமான மலப்புரத்தில், நிலம்பூர்ப் பக்கம் கரை ஒதுங்கினார்கள். கையாகவும் காலாகவும் கிடைத்தவையும் ஏராளம். இவர் இன்னார் என்று யார் சொல்வது?

கேரள அதிகாரிகள் ஒவ்வோர் உடலுக்கும், ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். டி.என்.ஏ. மாதிரி எடுத்து வைத்தார்கள். அடையாளம் தெரியாதவர்களைப் புத்துமலையில் தனித்தனிக் குழிகளில், சர்வமதப் பிரார்த்தனையோடு அடக்கம் செய்து, தலைமாட்டில் அந்த எண்ணை நட்டார்கள். பிறகு உறவினரின் ரத்த மாதிரி பொருந்தியபோது, எண் இருந்த இடத்துக்குப் பெயர் வந்தது. அரசு செய்த வேலைகளில் இதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை.

எப்போதும் இப்படி நடந்ததில்லை. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜேசிபி தோண்டிய பள்ளங்களில் பலரை ஒன்றாகப் புதைத்தார்கள். வெளியூர்களிலிருந்து வந்து அந்த உடல்களைத் தூக்கிய துப்புரவுப் பணியாளர்களைக் குறை சொல்ல எவருக்கும் வாய் வராது. அவசரத்துக்குக் காரணம் பயம். பிணம் கிடந்தால் கொள்ளைநோய் பரவும் என்ற பயம்!

அந்தப் பயம் தவறு. நீரில் மூழ்கியோ இடிபாட்டில் நசுங்கியோ இறந்தவர் உடம்பில் கொள்ளைநோய் புதிதாகப் பிறந்துவிடாது. உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவை அமைப்புகளும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட கையேடு இதைத் தெளிவாகச் சொல்கிறது. உடல்களிலிருந்து கசிவது குடிநீரில் கலக்காமல் காக்க வேண்டும். தூக்குகிறவர்களுக்குக் கையுறையும் பூட்ஸும் சோப்பும் வேண்டும். உடல்மேல் சுண்ணாம்பு கொட்டத் தேவையில்லை.

உண்மையான அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. வெயில் நாட்டில் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் முகம் உருத்தெரியாமல் போய்விடும். அதற்குள் படம் எடுத்தாக வேண்டும். முகம், உடை, தாலி, தழும்பு எல்லாம், எண் அட்டையும் சேர்ந்து தெரியும்படி.

அந்தப் படம் இல்லாத குடும்பத்தின் கதி என்ன? உடல் இல்லை, இறப்புச் சான்றிதழ் இல்லை. அரசு தனி உத்தரவு போடாவிட்டால், காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சட்டம் 7 ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. அதுவரை காப்பீட்டுத் தொகை, பட்டா மாற்றம் எல்லாம் சிக்கலாகிவிடும்.

மழைக்காலம் வருமுன் அதிகாரிகள் படகும் மணல் மூட்டையும் மரம் அறுக்கும் இயந்திரமும் சரிபார்க்கிறார்கள். நல்லது. அந்தப் பட்டியலில் நீரில் அழியாத எண் அட்டைகளும் சடலப் பைகளும் உண்டா என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். இல்லையென்றால், சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள்.