முதல் ஆர்டர் யார் கொடுப்பது?



2017 ஜனவரி 28, விடியற்காலை. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எர்ணாவூர் பாறைகளில் எண்ணெய் தாராக அப்பிக்கொண்டது. உறிஞ்ச வந்த லாரிகள் தண்ணீரைத்தான் அதிகம் இழுத்தன. கடைசியில் அள்ளியது யார்? வாளியோடு வரிசையில் நின்ற மீனவர்கள், மாணவர்கள், கடலோரக் காவல் படையினர்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்துக்கு எண்ணெய் வந்தது. அப்போதும் ஃபைபர் படகு, அதே வாளி! சந்திரயான் நிலவில் இறங்கி நான்கு மாதம்கூட ஆகாத நேரம் அது.

அறிவுக்குப் பஞ்சமா? பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, தரமணியில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா இருக்கிறது. பணத்துக்குப் பஞ்சமா? ஆராய்ச்சிக்கும் புதுமைக்கும் ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இல்லாதது வாங்குகிற ஆள். எண்ணெய் அள்ளும் படகைக் கடையில் வைத்தா விற்க முடியும்? அரசும் துறைமுகமும் வாங்கினால்தான் உண்டு.

அரசு வாங்கினால் தொழில் வளரும் என்பது நம் சென்னைக்குத் தெரிந்த கதைதான். 1950களின் தொடக்கத்தில் எல்லையில் ரோந்து போக ராணுவத்துக்கு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. அரசு புல்லட்டுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் புல்லட்டைச் செய்த இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உதிரிகளைப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த தாய் ஆலை மூடிய பிறகும் திருவொற்றியூரிலிருந்து புல்லட் வந்துகொண்டே இருந்தது. தொடக்கத்தில் நின்றது மானியம் அல்ல, ஆர்டர்!

அரசிடமும் துறைமுகத்திடமும் அதையே கேட்கிறேன். ஆழமில்லாத நீரில் ஓடி, கெட்டி எண்ணெயை அள்ளும் படகு பத்து வாங்குகிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். புது நிறுவனங்களுக்கு முன் அனுபவ நிபந்தனையைத் தளர்த்த 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளிலேயே இடமிருக்கிறது. டெண்டர் எழுதும் அதிகாரி துணிந்து அதைப் பயன்படுத்தட்டும். முதல் படகு சரியாக ஓடாமலும் போகலாம். அன்றைக்கு அந்த அதிகாரியைத் தணிக்கைக்கு முன்னால் தனியாக நிறுத்திவிடாதீர்கள்.

சோதனை ஓட்டம் எண்ணூர் பக்கத்துக் காட்டுக்குப்பத்தில் நடக்கட்டும். தேர்வுக் குழுவில் வாளி பிடித்த மீனவர்களுக்கு இரண்டு நாற்காலி போடுங்கள். எண்ணெய் எந்தத் திருப்பத்தில் ஒதுங்கும், அலையாத்தி வேரில் எப்படி ஒட்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.