விருந்தும் ஒவ்வாமையும்

(நம் சங்கத்தின் திருப்பூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



விருந்தோம்பலிற் சிறந்தோரென்று நம்மவரைப் பிறர் புகழ்கின்றனர். அப்புகழை ஏற்கும் நாம், நம் பந்தியில் நேர்ந்த பிழையொன்றையும் ஒளியாது உரைத்தல் கடமையாகும்.

நம்மவர் இல்லத்து விவாகமொன்றில் ஒன்பது வயதுச் சிறுவனொருவன் இலையிலிட்ட சட்னியை உண்டான். அவனுக்கு நிலக்கடலை ஆகாதென்பது பெற்றோர் அறிந்ததே. ஆயின் அன்று தேங்காய் போதாமையால் சமையற்காரர் நிலக்கடலை சேர்த்தரைத்ததை அவர்கள் அறிந்திலர். சில நிமிஷங்களில் உடலெங்கும் தடிப்பெழுந்தது, உதடு வீங்கிற்று, குரல் கம்மிற்று. 'காணாக்கடி, மந்திரித்தால் தீரும்' என்றார் ஒரு பெரியவர். நாமோ மோர் கொடுக்கச் சொன்னோம். இவ்வண்ணம் கால்மணி நேரம் வீணாயிற்று. பனியன் கம்பெனியில் முதலுதவி பயின்ற இளம்பெண்ணொருத்தியே 108க்குச் செய்தி சொல்லி, சிறுவனைப் படுக்கவைத்துக் காத்தாள். தெய்வாதீனமாய் அவன் பிழைத்தான்.

உணவைப் பகையென்று தேகம் மயங்கிப் போர் தொடுப்பதே ஒவ்வாமை. அதன் கடுமையான நிலையை 1902ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து ரிஷே, போர்ட்டியே என்னும் விஞ்ஞானிகள் விளக்கினர். ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்நிலையில் இரத்தக்குழாய்கள் தளர்ந்து இரத்த அழுத்தம் வீழும். தொண்டை வீங்கி மூச்சு அடைபடும்.

ஆதலின் செய்யத்தக்கவை இவை: மூச்சுத்திணறல், குரற்கம்மல், மயக்கம், ஓயாத வாந்தி ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே 108ஐ அழைத்தல் வேண்டும். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துக. மூச்சு முட்டினால் அமரச்செய்க. எழுந்து நடக்க விடற்க. வாய்வழி யாதொன்றும் புகட்டற்க. உயிர்காக்கும் மருந்து தொடையின் வெளிப்புறத் தசையில் இடப்படும் அட்ரினலின் ஊசியே. அரிப்புக்குரிய மாத்திரை அதற்கு ஈடாகாது. குணங்கண்டபின்னும் சில மணி நேரத்தில் மீண்டும் தாக்கக்கூடுமாதலால் மருத்துவமனையிலேயே இருத்தல் நலம்.

நம் அங்கத்தினர் பலர் பனியன் தொழில் நடத்துவோர். அவர்தம் உணவுக்கூடங்களில் பீகார், ஒடிசா முதலிய மாகாணத்தாரும் உண்கின்றனர். தமக்கு ஆகாததை நம் பாஷையிற் சொல்ல அவர்க்கு இயலாது. ஆகவே அன்றன்றைய பண்டங்களில் நிலக்கடலை, முந்திரி, பால், முட்டை, மீன் கலந்திருப்பின் அவரறிந்த எழுத்தில் பலகையில் எழுதி வைப்பீர்களாக. பொட்டலத்து உணவுக்கு இத்தகைய அறிவிப்பை 2020ஆம் ஆண்டின் விதிகளே கட்டாயமாக்கியுள்ளன. சமையற்காரரும் பண்டத்தை மாற்றினால், பரிமாறுமுன் வீட்டாருக்குச் சொல்லக் கடவர்.

'உமக்கு ஆகாதது யாது?' என்று விருந்தினரை வினவுதலும் உபசாரமே. அன்று அவ்வொரு கேள்வியை நாம் கேட்டிருப்பின், அத்தாய் அவ்வாறு கதறியிருக்கமாட்டாள். இதனை இல்லந்தோறும் எடுத்துரைக்குமாறு வேண்டி அமர்கின்றோம்.