உமிழ்நீர் சொல்வதும் சொல்லாததும்



நீரிழிவு சிகிச்சை நிலையத்தில் வைத்தியர்களாகிய எம்மிடம் அம்மாமார் அடிக்கடி கேட்பது இதுதான்: “பிள்ளை, ஊசி குத்தாமல் பார்க்க ஏலாதோ?” உமிழ்நீரைக் கொண்டு பார்க்கலாமா என்று உலகின் பல ஆய்வுகூடங்கள் தேடிவருகின்றன.

இக்கல்லூரியின் விஞ்ஞானகூடத்தில் துருப்பிடித்த ஆணியைக் கொண்டு ஒட்சியேற்றத்தைப் படித்தோம். நம் கலங்களுக்குள்ளும் ஒட்சியேற்றம் நடக்கிறது. இரத்தத்தில் குளுக்கோசு நெடுநாள் கூடியிருந்தால் இழைமணிகளில் சுயாதீன மூலிகங்கள் பெருகுகின்றன. உடல் அவற்றை அடக்க முடியாத நிலையே ஒட்சியேற்ற அழுத்தம். கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்புகளுக்கு இது பொதுவான வேர் என 2001இல் மைக்கல் பிரவுன்லீ எடுத்துரைத்தார்.

இவ்வாறு கொழுப்புகள் சிதையும்போது மலோன்டையல்டிகைட்டு என்ற பொருள் உண்டாகிறது. நீரிழிவு உள்ளவர்களின் உமிழ்நீரில் அது கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஊசியின்றி இதை அறிய முடிவது நல்ல செய்திதான்.

ஆனால் முரசு நோயும் புகைத்தலும்கூட அப்பொருளைக் கூட்டும். ஆகவே கூடிய அளவு ஒன்றைக் கண்டவுடன் அது சீனியால் வந்ததா, முரசால் வந்ததா என்று சொல்ல முடியாது. எந்த அளவுக்கு மேல் ஆபத்து என்ற பொது எல்லையும் வகுக்கப்படவில்லை. கடந்த 2, 3 மாதங்களின் நிலையைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனைக்கு உமிழ்நீர் இன்று மாற்றாகாது. மாற்றென்று சொல்லி யாரும் விற்க வந்தால் ஏமாற வேண்டாம்.

எனினும் வாய் இன்றே சொல்லும் செய்திகள் உண்டு. வாய் வறட்சி, பல் துலக்கும்போது இரத்தக் கசிவு, ஆடும் பல் என்பன கட்டுப்பாடற்ற நீரிழிவின் அடையாளங்களாக இருக்கலாம். முரசு அழற்சி சீனியைக் கூட்டும்; கூடிய சீனி முரசைக் கெடுக்கும். முரசு நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் எச்பிஏ1சி 3, 4 மாதங்களில் சராசரியாக 0.4 அளவில் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

கடல் கடந்து வாழும் நாம் தொலைபேசியில் அம்மாவிடம் “சீனி எவ்வளவு?” என்று கேட்கிறோம். “முரசில் இரத்தம் வருகுதோ? பல் வைத்தியரிட்டப் போனீங்களோ?” என்றும் கேட்போம். வீட்டில் எல்லாரையும் கவனித்துவிட்டு நம் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களும் நாமே. இந்த நூற்றாண்டு ஆண்டில் நாம் ஒவ்வொருவரும் இரத்தத்தையும் வாயையும் ஒருமுறையேனும் பரிசோதித்துக்கொள்வோம்.