எந்தப் பள்ளி? எந்த ஊர்?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, “உங்க வேலை அனுபவத்தைப் பத்திப் பேசுங்க” என்றார். அதைப் பேச என்னைவிட அனுபவசாலிகள் இந்த அரங்கத்திலேயே ஏராளம். நான் வேறொரு விஷயம் பேசலாம் என்றிருக்கிறேன். இந்தக் கல்லூரி வாசலுக்குள் யார் வருகிறார்கள், யார் வருவதில்லை, அதில் படித்த பள்ளிக்கும் பிறந்த ஊருக்கும் எவ்வளவு பங்கு என்பதுதான் அது.

நான் கள்ளக்குறிச்சிக்காரன். கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலை அடிவாரம். நான் படித்த காலத்தில் அது விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பரில்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அரசுப் பள்ளி, தமிழ் வழி. பிளஸ் டூ முடித்தது 2007-ல். இந்த வருடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முந்தைய வருடம் வரை பொறியியல் சேர்க்கைக்கு மொத்தம் 300 மதிப்பெண். பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100. அந்த நூறுக்கான பயிற்சி வகுப்பு சென்னையில் உண்டு, சேலத்தில் உண்டு. எங்கள் ஊரில் கிடையாது. அரசு கொண்டுவந்த சட்டத்தால் 2007-ல் நுழைவுத் தேர்வு எடுபட்டது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200. அவ்வளவுதான். அந்த முதல் பேட்சில் வந்தவன் நான். ஒரு வருஷம் முன்னால் பிறந்திருந்தால் இந்த மேடையில் இருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அதே மூளை, அதே வாத்தியார், அதே புத்தகம்தான். விதி மட்டும் மாறியிருந்தது.

சரி, அதோடு பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லீங்க. எல்லாமே பிளஸ் டூ மார்க் என்றானதும், தனியார் உறைவிடப் பள்ளிகள் பல பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் உருப்போட வைத்தன. நாமக்கல் பக்கம் பிள்ளையைச் சேர்க்கிறேன் என்று நிலத்தை விற்ற குடும்பங்களை நான் அறிவேன். பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு 2018-ல் வந்தது. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கையோடு அதுவும் போயிற்று. மருத்துவத்துக்கு 2017-லிருந்து நீட். அதே ஆண்டு, மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு 85 சதவீத இடம் என்று அரசு ஆணை போட்டுப் பார்த்தது. ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. நான் கண்டது இதுதான்: தேர்வை மாற்றினால் பயிற்சி மாறுகிறது. பயிற்சி கிடைக்கிற ஊர் மாறுவதில்லை.

இது அடிவாரத்துக் கதை. மேலே மலைக்குப் போனால் வேறு கதை. கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்து, 1976-ல்தான் முழுவதுமாக அரசு வசம் வந்தது. நாடு சுதந்திரம் பெற்று 29 ஆண்டுகள் கழித்து! சாலையும் பள்ளிக்கூடமும் ஏன் அங்கே தாமதமாக ஏறின என்று கேட்பவர்களுக்கு இதில் பாதி பதில் இருக்கிறது. இன்றைக்கு வெள்ளிமலையில் ஏகலவ்யா பள்ளி இருக்கிறது, பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் கணக்கு வாத்தியார் மலையில் வந்து தங்குகிறாரா, மாறுதல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறாரா என்பதில்தான் ஒரு பிள்ளையின் கட்-ஆஃப் நிற்கிறது.

இன்னொரு விசித்திரம் சொல்கிறேன். அந்த மலையில் வாழ்பவர்கள் மலையாளி இனத்தவர். (கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசுகிற மலைவாழ் மக்கள்.) பழங்குடிப் பட்டியலில் இவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பழைய தென்னாற்காடு, சேலம், தருமபுரி என்று சில மாவட்டப் பெயர்கள் உண்டு. ஈரோடு அதில் இல்லை. ஆக, பர்கூர் மலையில் பிறந்த மலையாளி வீட்டுப் பிள்ளைக்கு, கல்வராயன் மலைப் பிள்ளைக்குக் கிடைக்கிற சான்றிதழ் கிடைப்பதில்லை என்று அவர்கள் பல காலமாக முறையிட்டு வருகிறார்கள். திருச்சி என்.ஐ.டி.யிலும் பாதி இடம் தமிழ்நாட்டுக்கு. நீங்கள் தமிழ்நாடா இல்லையா என்பதை, பிளஸ் டூ எந்த மாநிலத்தில் முடித்தீர்கள் என்று வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். மெரிட், மெரிட் என்கிறோமே, அதற்குள் எவ்வளவு வரைபடம் இருக்கிறது பாருங்கள்.

மார்க் வந்த பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. எங்கள் காலத்தில் கலந்தாய்வுக்கு நேரில் கிண்டிக்கு வரவேண்டும். அப்பாவும் நானும் ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலை அண்ணா பல்கலைக்கழக வாசலில் இறங்கினோம். கையில் எங்கள் கணக்கு வாத்தியார் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு. வரிசையாக எட்டுக் கல்லூரிப் பெயர்கள். “இதுல எது முதல்ல காலியா இருக்கோ, அதை எடு. வெளியில நோட்டீஸ் கொடுக்கிறவங்க சொல்றதைக் கேக்காத” என்று சொல்லியிருந்தார். திரையில் நம் கல்லூரி பெயர் இருந்தது, எடுத்துக்கொண்டேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு என்னைவிட மூன்று மார்க் அதிகம். அவன் கையில் சீட்டு இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் என்று ஏதோ ஒரு கல்லூரியை எடுத்தான். அந்தக் கல்லூரி இன்று இல்லை, மூடிவிட்டார்கள். 2018 முதல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறிவிட்டது, பஸ் செலவு மிச்சம். துண்டுச்சீட்டு எழுதித் தர ஆள் இருக்கிறாரா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

இந்த இடத்தில் 7.5 சதவீதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் மருத்துவத்திலும் 2021-ல் பொறியியலிலும் வந்த உள் ஒதுக்கீடு. 2019-ல் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மறு ஆண்டே முந்நூறைத் தாண்டியது. தேர்வை மாற்றாமல், பள்ளியையே கணக்கில் எடுத்துக்கொண்டதால் நடந்த மாற்றம் இது. நமக்கு மட்டும் தோன்றிய யோசனை என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 1997-லேயே, ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்தில் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் என்று சட்டம் போட்டது. பெரிய நகரத்துப் பள்ளியோடு குக்கிராமத்துப் பள்ளியை ஒப்பிடாமல், அந்தந்தப் பள்ளிக்குள்ளேயே யார் முந்தினார் என்று பார்த்தார்கள்.

ஆனால் போன வருஷம் விடுதிப் பக்கம் வந்தபோது என் காதில் ஒரு வார்த்தை விழுந்தது. “அவன் ஏழரை கோட்டா, மச்சி.” சனி பிடித்ததைச் சொல்வதுபோல ஒரு சிரிப்பு வேறு. தம்பிகளே, கோபித்துக்கொள்ளாதீர்கள், நேராகவே சொல்கிறேன். இரண்டு வருடம் பயிற்சி மையத்தில் உட்கார்ந்து 195 எடுத்ததும், ஆறு மாதம் இயற்பியல் ஆசிரியரே இல்லாத பள்ளியில் 180 எடுத்ததும் ஒரே அளவுகோல் அல்ல. எந்த இன்ஜினியரும் எந்தக் கருவியால் அளந்தது என்று கேட்காமல் அளவை ஒப்பிட மாட்டான். முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் பாடம் புரியாமல் நான் விழித்தபோது, மயிலாப்பூர்க்காரன் ஒருவன் ராத்திரி ராத்திரியாகத் தமிழில் சொல்லிக் கொடுத்தான். அவன் இங்கேதான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். என் கோட்டா என்ன என்று அவன் கேட்டதே இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சங்கம் வருடா வருடம் உதவித்தொகை கொடுக்கிறது, நல்ல காரியம். அதோடு, பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் நம்மில் பத்துப் பேர் மலைக்குப் போவோம். முந்தைய ஆண்டின் கட்-ஆஃப் பட்டியல், ஒரு மடிக்கணினி, இரண்டு நாள் விடுப்பு, இவ்வளவு போதும். வெள்ளிமலையில் ஒரு நாள், கரியாலூரில் ஒரு நாள். கச்சிராயபாளையத்திலிருந்து வேன் என் பொறுப்பு. சாப்பாடு எங்கள் வீட்டில். வர விருப்பமுள்ளவர்கள் மதிய உணவு இடைவேளையில் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். இந்நாள் மாணவர்களும் வரலாம், நாலு சீட் அவர்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.